செருவின் அம்மாவுக்கு முடி கொட்டியது

செரு பிறந்து நான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அவன் அம்மா உனைசிக்குப் பின்வரிசையில் உட்காரும் சபை மூப்பர் அவளிடம் வந்து கைகொடுத்தார்.

"ரொம்ப நன்றிம்மா. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் போதகர் முகத்தை முழுசாப் பார்த்தேன். மீசை வச்சிருக்காரே, தெரியுமா உனக்கு?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். உனைசியின் கை தானாக நெற்றியோரத்துக்குப் போயிற்று.

முடி கொட்டுவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூன்று வாரமாகத் தலையணையில் கிடந்தது, குளிக்கும்போது தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்தது, துவைத்த துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அது வீட்டோடு போகிற விஷயம் என்று நினைத்திருந்தாள். அன்று காலைதான் அது சபைக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. சபைக்குத் தெரிந்தால், தீவின் சின்னத் துறைமுகமான சவுசவு ஊருக்கே தெரிந்த மாதிரிதான்.

உனைசியின் முடி சாதாரண முடி அல்ல. தலையைச் சுற்றி, காதை மறைத்து, பெரிய கறுப்புப் பலாப்பழம் மாதிரி நிற்கும் புயினிங்கா கூந்தல். அவள் வேலை பார்க்கும் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில், ஜன்னல் வழியே முகம் தெரியாவிட்டாலும் முடி தெரியும். அதைப் பார்த்துத்தான் சனங்கள் வரிசையில் நிற்பார்கள். போன திருவிழாவில் நடந்த கூந்தல் போட்டியில் அவளுக்குத்தான் முதல் பரிசு. சிப்பி பதித்த ஒரு மகுடமும் ஒரு ரைஸ் குக்கரும் கொடுத்தார்கள். குக்கர் அப்போதே பழுதாகிவிட்டது. மகுடத்தை இந்த வருஷத் திருவிழாவில் மேடையேறி அடுத்த பெண்ணின் தலையில் வைக்க வேண்டும். திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

மறுநாள் செருவுக்குத் தடுப்பூசி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கெலேரா ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, உனைசி தலையைக் குனிந்து நெற்றியோரத்தைக் காட்டினாள். இரண்டு பக்கமும் வழுக்கைத் திட்டு விழுந்திருந்தது.

"கொட்டும்," என்றாள் கெலேரா.

"ஏன்?"

"கர்ப்பமா இருக்கையில விழ வேண்டிய முடி விழாம நின்னுடும். இப்ப அதெல்லாம் சேர்த்து விழுது. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ள திரும்ப வந்துடும்."

"மருந்து ஏதாவது?"

"நல்லாச் சாப்பிடு. தூங்கு."

இரண்டாவதைச் சொல்லும்போது கெலேராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செரு அந்த ஆஸ்பத்திரியிலேயே பெயர் வாங்கியவன். பிறந்த முதல் இரண்டு நாளும் வார்டில் யாரையும் கண் மூட விடவில்லை.

"எல்லாருக்குமா இப்படி ஆகும்?" என்று கேட்டாள் உனைசி.

"நிறைய பேருக்கு. எனக்கும் கொட்டுச்சு. எனக்கு இருந்ததே ஒரு கைப்பிடி, அதனால ஒருத்தரும் கவனிக்கல. உன் விஷயம் வேற. உன் தலை போஸ்டாபீஸ் மாதிரி. எல்லாருக்கும் அடையாளம்."

வீட்டில் இந்த விளக்கம் எடுபடவில்லை. மாமியார் மகெரேதா, அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டுவிட்டு, "நான் ஏழு பெத்தேன்," என்றாள். அவ்வளவுதான் பதில். ஏழு பெற்றும் முடி கொட்டாத ஒருத்தியிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் காரணம் தேடினார்கள். உனைசியின் அம்மா வீட்டுச் சனம் இன்னும் முறைப்படி பாயும் துணியும் எடுத்துக்கொண்டு பேரனைப் பார்க்க வரவில்லை, அந்தக் குறைதான் என்றார் ஒரு பெரியப்பா. படகு கிடைக்காமல்தான் அவர்கள் வரவில்லை. தலையைக் கேட்காமல் தொடுவது அங்கே பெரிய தப்பு; யாரோ அவள் தலையை அப்படித் தொட்டிருக்கிறார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. டிக்கெட் ஜன்னலுக்குள் கையை விட்டு எவன் தலையைத் தொடுவான் என்று உனைசி கேட்டதற்கு, "கூட்டத்துல என்ன வேணா நடக்கும்," என்று பதில் வந்தது. நாத்தனார் தரைவினிதான் பெயரைக் குற்றம் சொன்னாள்.

"பிள்ளைக்குச் சீப்புன்னு பேர் வச்சா, அது முடியைத்தானே இழுக்கும்?"

செரு என்றால் சீப்புதான். ஆனால் அது இறந்துபோன மாமனாரின் பெயர். மகெரேதா கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பா பேரு அது."

"அதான் சொல்றேன். அப்பாவும் வழுக்கைதானே."

தரைவினி அப்படித்தான். பேக்கரியில் வேலை. விடியுமுன்னே ரொட்டி சுட்டு முடித்துவிட்டு, மீதிப் பகலை அண்ணியைச் சீண்டுவதற்காக வைத்திருந்தாள். அண்ணியைக் கிண்டல் செய்வது நாத்தனாரின் உரிமை. செய்யாமல் இருந்தால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் பேசும். தரைவினி அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததே இல்லை.

"அண்ணி, குளியலறைல எலி செத்துக் கிடக்குதுன்னு விளக்குமாறு எடுத்துட்டு வந்தேன். பார்த்தா நீ."

"போடி."

"ரெண்டு அடி வேற போட்டுட்டேன். வலிச்சா சொல்லு."

உனைசியின் கணவன் நெமானி இதிலெல்லாம் கலந்துகொள்ள மாட்டான். லம்பாசாவுக்கும் சவுசவுக்கும் நடுவில் மலைமேல் பஸ் ஓட்டுபவன். வளைவுகளைப் பார்த்துப் பார்த்துப் பேச்சு குறைந்துபோனவன். ஒரு நாள் சாப்பிடும்போது, தேங்காய்ப்பாலில் வெந்த கீரைக்குள்ளிருந்து நீளமாக ஒரு முடி வந்தது. மெதுவாக இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. முழுதாக வந்ததும் தட்டின் ஓரத்தில் சுருட்டி வைத்தான். உனைசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதா இருக்கும்," என்றான்.

அவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மொட்டை போடுகிறவன். உனைசி எழுந்து பின்கட்டுக்குப் போய், துணி காயும் கொடிக்குக் கீழே நின்று கொஞ்சம் அழுதாள். அவன் அப்படிச் சொன்னதற்காக அழுதாளா, முடிக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே செரு கத்தியதால் அதை யோசித்து முடிக்கவும் நேரமில்லை.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் வீட்டில் அறிவித்தாள். "நான் மேடைக்குப் போகல."

"போகாம?" என்றாள் மகெரேதா.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கிறேன்."

"இருபது பேர் உன்னைக் கேட்டாச்சு என்கிட்ட. நம்ம வீட்டுப் பேரு அது."

மகெரேதா எழுந்து தன் அறைக்குள் போய் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் உள்ளே அழுத்தி வைத்திருந்த முடி தானாக மேலெழும்பியது. தலையணையிலிருந்தும் துடைப்பத்திலிருந்தும் குளியலறையிலிருந்தும், நாள் தவறாமல் எடுத்து, அலசி, காயவைத்துச் சேர்த்தது.

"அத்தை, எதுக்கு இதெல்லாம்?"

"மனுஷ தலையில இருந்தது காலடியில கிடக்கலாமா?" என்றாள் மகெரேதா. அவளுக்கு அது கேள்வியே அல்ல.

அந்தக் காலத்துத் தலைவர்கள்கூடத் தேவைப்பட்டால் பொய்முடி வைத்துக்கொண்டார்கள், அதில் வெட்கமில்லை என்பது மகெரேதாவின் கட்சி. வேலை தரைவினியிடம் வந்தது. ஒரு பழைய மீன்வலைத் துண்டை உனைசியின் தலை அளவுக்கு வெட்டி, முடியைக் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டாள். நான்கு மாலை அதற்கே போயிற்று. போதாத இடத்தில் தன் முடியிலிருந்தும் கொஞ்சம் வெட்டிச் சேர்த்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அளவு பார்க்கத் தலையைத் தொட வேண்டிய ஒவ்வொரு முறையும், "துலோ," என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். தொட்டு முடித்த அடுத்த நொடியே, "அண்ணி, உன் மண்டை இவ்வளவு சின்னதா? மாங்கொட்டை மாதிரி இருக்கு," என்றாள்.

முடிந்தபோது பொய்முடி நன்றாகவே இருந்தது. கண்ணாடியில் பழைய உனைசி தெரிந்தாள். கொஞ்சம் மீன் வாசனை மட்டும் இருந்தது.

திருவிழா சனிக்கிழமை. அதற்கு முன் இரண்டு நாள் விடாத மழை. பேரனுக்குக் குளிரும் என்று, சிட்னியிலிருந்து ஒரு சித்தி பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையை மகெரேதா வெள்ளி மாலையே போட்டுவிட்டாள். சனிக்கிழமை காலையிலிருந்து செரு அழ ஆரம்பித்தான்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. வயிற்றில் எண்ணெய் தடவினார்கள். பல் வருகிறது என்றார்கள். தரைவினி தூக்கிக்கொண்டு நடந்தாள், பாடினாள், கடைசியில் பூனை மாதிரி கத்திக் காட்டினாள். மதியம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை. வழக்கமாகக் கோபத்தில் கத்துகிற பிள்ளை, இப்போது மூச்சு வாங்கி வாங்கி, மெலிந்த குரலில் அழுதான். உனைசி தலையில் பொய்முடியோடும் மடியில் பிள்ளையோடும் உட்கார்ந்திருந்தாள். மகுடம் ஒரு துணிப்பையில் பக்கத்தில் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றாள்.

"மேடை?" என்று கேட்க வாயெடுத்த மகெரேதா, மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாள்.

அந்த நேரத்தில் நெமானியின் பஸ் வாசலில் வந்து நின்றது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருவிழாத் திடலுக்குப் போவதாக ஏற்பாடு. பஸ்ஸுக்குள் லம்பாசா பக்கத்து ஆட்டக்குழு ஒன்று உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் பளபளக்க, இலை மாலையும் மரப்பட்டைத் துணியும் கட்டிய முப்பது ஆண்கள். தரைவினி மகுடப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வர, உனைசி பிள்ளையோடு ஏறி, "ஆஸ்பத்திரி," என்றாள். நெமானி பஸ்ஸைத் திருப்பினான்.

திடல் எதிர்ப்பக்கம் இருப்பது ஆட்டக்குழுவுக்குத் தெரியும். ஆனாலும் முன் இருக்கையில் இருந்தவர், கையில் ஈட்டியோடு எழுந்து இடம் கொடுத்தார். "இசா," என்று பரிதாபப்பட்டார்கள் நாலைந்து பேர். செருவின் அழுகையைக் கேட்டுக்கொண்டே முப்பது பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அவர்களும் இறங்கினார்கள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும். பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கெலேரா வெளியே வந்து பார்த்தாள்.

"இதுல யாருக்கு உடம்பு சரியில்ல?"

ஈட்டிக்காரர் செருவைக் காட்டினார்.

கெலேரா பிள்ளையை மேஜையில் கிடத்தி, சட்டையைக் கழற்றினாள். வயிறு, காது, தொண்டை, அக்குள் எல்லாம் பார்த்தாள். பிறகு காலுறைகளை இழுத்தாள். வலது காலில் இரண்டாவது விரல் சிவந்து, நுனி கருநீலமாகி, சின்னத் திராட்சை மாதிரி வீங்கியிருந்தது. விரலின் அடியில் ஆழமாக ஒரு கோடு. கெலேரா விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"முடி," என்றார்.

"என்னது?" என்றாள் உனைசி.

"ஒரு முடி. காலுறைக்குள்ள இருந்திருக்கும். சுத்தி இறுக்கிடுச்சு. வீங்க வீங்க இன்னும் இறுகும். கெலேரா, சின்னக் கத்தரி."

 யாருடைய முடி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நெமானி செருவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான், கெலேரா பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஊசிமுனை மாதிரி ஒரு கத்தரியை அந்தக் கோட்டுக்குள் விட்டார். செரு போட்ட கூச்சலில் வெளியே பெஞ்சில் முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு சுற்று அறுந்தது. இன்னொரு சுற்று இருந்தது. அதுவும் அறுந்ததும், டாக்டர் இடுக்கியால் இழுத்து வெள்ளைத்துணிமேல் வைத்தார். கறுப்பாக, சுருண்டு, ஒன்றுக்கும் ஆகாததுபோல் கிடந்தது.

"விரல் போயிடுமா?" என்று கேட்டான் நெமானி. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல. நேரத்துக்கு வந்துட்டீங்க. பாருங்க, நிறம் திரும்புது. ராத்திரி இங்க இருக்கட்டும்."

செரு அழுகையை நிறுத்திவிட்டு, யாரையோ திட்டி முடித்தவன்போல் ஒரு பெருமூச்சு விட்டு, பால் குடித்துத் தூங்கிவிட்டான். உனைசி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாக நெற்றியோரத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் பொய்முடியைப் போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்போதே அந்த முடி பிள்ளையின் விரலைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சொல்லத் தெரியாத பிள்ளை சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

தரைவினி உள்ளே வந்து விரலைப் பார்த்தாள், வெள்ளைத்துணியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுக்கு அது பெரிய சாதனை.

"ஏன் அண்ணி," என்றாள் கடைசியில், "பிள்ளை ஓடிப்போயிடுவான்னு பயமா இருந்தா, வீட்ல கயிறு இல்லையா?"

உனைசி அவளைத் திரும்பிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகி, தரைவினியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தரைவினி முதுகைத் தட்டினாள். தலையைத் தொடவில்லை.

வெளியே ஈட்டிக்காரர் நெமானியிடம், பிள்ளை நலமா என்று கேட்டுவிட்டு, தங்கள் ஆட்டம் நடந்திருக்க வேண்டிய நேரம் தாண்டி ஒரு மணி ஆகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நெமானி பஸ்ஸை எடுக்க வேண்டும். மகுடமும் போய்ச் சேர வேண்டும்.

"நான் வரல," என்றாள் உனைசி. பொய்முடியைக் கழற்றித் தரைவினி மடியில் வைத்தாள். "யார் வேணா கொண்டுபோய்க் கொடுங்க."

தரைவினி மகுடப் பையை எடுத்துக்கொண்டாள். பொய்முடியை என்ன செய்வதென்று யோசித்துவிட்டு, தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"கையில எடுத்துட்டுப் போனா செத்த பூனை. தலையில வச்சா முடி."

திடலில் நடந்ததை உனைசி பிறகு பலர் சொல்லக் கேட்டாள். ஆட்டக்குழு வந்து ஆடியதாம், ரொம்ப நன்றாக ஆடியதாம். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் எண்ணெய்க் கறை போக ஒரு வாரம் ஆயிற்று. அதன் பிறகு அறிவிப்பாளர், சென்ற முறை வென்ற உனைசியை மேடைக்கு அழைத்தாராம். தரைவினி ஏறினாள். அறிவிப்பாளர் அவள் முகத்தைப் பார்த்தார். தினமும் அவள் கடையில் ரொட்டி வாங்குகிறவர். தலையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். "உனைசி," என்றார் இன்னொரு தடவை, உறுதியாக. ஊரும் கைதட்டியது. தரைவினி புதுப்பெண்ணின் தலையில் மகுடத்தை வைத்து, கன்னத்தில் முத்தமிட்டு, குனிந்து வணங்கி இறங்கினாள். வணங்கும்போது முடி கொஞ்சம் முன்னால் நகர்ந்ததாம். ஒருவரும் சிரிக்கவில்லை என்று தரைவினி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செருவோடு வீடு திரும்பியதும் உனைசி பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, நெமானியிடம் அவன் மொட்டை போடும் மெஷினைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"உன்ன மாதிரி ஆக்கு."

அவன் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "திரும்ப வளரும்னாங்களே."

"வளரட்டும். அதுவரைக்கும் என் தலையில இருந்து ஒண்ணும் இவன்மேல விழ வேண்டாம்."

"துலோ," என்றான் நெமானி, கட்டிய மனைவியிடம். ஆரம்பித்தான். பழக்கப்பட்ட கை, பஸ் ஓட்டுவதுபோல் நிதானமாக, மேட்டில் ஏறி வளைவில் இறங்கியது. முடி படியெல்லாம் விழுந்தது. பாதி முடிந்தபோது மகெரேதா துணி எடுக்க வந்தாள். நின்றாள்.

"யாரு செத்தது?"

"யாரும் இல்ல, அத்தை."

மகெரேதா துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்க் காலி டின்னைக் கொண்டுவந்து, விழுந்த முடியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.  பொறுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

"காலுறை நான்தான் போட்டேன். உள்ள கையை விட்டுப் பார்த்திருக்கணும்."

"எனக்கும்தான் தோணல, அத்தை."

"மூணாவது பிள்ளைக்கு எனக்கும் கொட்டுச்சு. அஞ்சாவதுக்கும். துணியைக் கட்டிட்டுத் திரிஞ்சேன். உங்க மாமா, எனக்குப் பேன்னு நெனச்சு மண்ணெண்ணெய் வாங்கிட்டு வந்தாரு."

"ஏன் சொல்லல நீங்க?"

"நீ என்கிட்ட கேக்கலியே," என்றாள் மகெரேதா. ஏழு பெற்றதை மட்டும் சொன்னது அவளுக்கு மறந்துவிட்டிருந்தது, அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை உனைசி அந்தத் தலையோடு டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்து, "உனைசி எங்கே?" என்று கேட்டார்கள். "லீவு," என்று சொல்லி டிக்கெட் கொடுத்தாள். சந்தையில் காய்கறிக்காரிகள், சனிக்கிழமை மேடையில் அவள் ரொம்ப அழகாக இருந்ததாகச் சொன்னார்கள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவளும் நன்றி சொன்னாள்.

பொய்முடி தரைவினியிடமே தங்கிவிட்டது. ஒரு மாலை, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி பேக்கரிக்கு வந்து, ரொட்டி வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை. தலையில் இறுக்கிக் கட்டிய துணி. தங்கைக்குக் கல்யாணம், போட்டோ எடுப்பார்கள், ஒரே ஒரு நாளைக்குத்தான் என்றாள். தரைவினி அண்ணியிடம் கேட்டாள். "கொடு," என்றாள் உனைசி. "போடறதுக்கு முன்ன ஒழுங்கா உதறச் சொல்லு. பிள்ளையோட விரலையெல்லாம் தினமும் பார்க்கச் சொல்லு." அதற்கடுத்து ஒரு போலீஸ்காரி வந்து கேட்டாள். யார் யாருக்குக் கொட்டியிருக்கிறது என்பது அப்படித்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பார்த்தால், கொட்டாதவர்கள்தான் கொஞ்சம் பேர்.

செருவின் விரலில் கோடு மறைந்தது. உனைசியின் நெற்றியோரத்தில் குட்டையாக, அடர்த்தியாக, எந்தப் பக்கமும் படியாத முடி முளைத்தது. செரு இப்போது உட்காரக் கற்றுக்கொண்டிருந்தான். கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுக்கும் வயது. தூக்கினால் முதலில் தலைக்குத்தான் கை போகும். அங்கே பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், தடவித் தடவிப் பார்ப்பான். கொஞ்சம் யோசிப்பான். பிறகு அவள் காதைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுப்பான்.